திருப்பி வாங்கிய கைநீட்டம்

விஷு அன்று காலையில் எங்கள் சந்தில் யாருக்குக் காசு கொடுத்தாலும், வாங்கிய கையை உடனே மூடி முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள். புதிதாகக் குடிவந்த இரண்டு வீட்டுக்காரர்கள் இதைத் திருவனந்தபுரத்து ஆசாரம் என்று நினைத்து, தாங்களும் பயபக்தியோடு அப்படியே செய்கிறார்கள். ஆசாரம் ஒன்றுமில்லை. அந்தக் கைகள் எனக்குப் பயந்துதான் ஒளிகின்றன.

எங்கள் சந்து சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், அரிசி மண்டிகளின் முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அப்பா அங்கே மூட்டை இறக்குகிறவர். இளவயதில் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவர். எழுத்து தெரியாது. மூட்டையின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து மான் மார்க், மயில் மார்க் என்று பிரித்து அடுக்கிவிடுவார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட முதல் ஆள் நான். பத்தாம் வகுப்போடு நிற்காமல் எம்.ஏ. வரலாறு வரை ஓடினேன். (வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று அம்மா ஒருமுறை கேட்டாள். நான் வெகுநேரம் பதில் சொன்னேன். அதில் வேலையின் பெயர் மட்டும் வரவில்லை.) கடைசியில் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்த குமாஸ்தாவாக உட்கார்ந்தேன். அந்தக் காலத்தில்தான் ரோமானியக் காசுப் பைத்தியம் பிடித்தது.

ரோமானியக் காசு என்றதும் தங்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். ஒரு வாரம் எனக்குத் தனியாக மீன் பொரித்து வைத்தாள். உண்மை தெரிந்ததும் மீன் நின்றுவிட்டது. நான் சேர்த்தது வெண்கலம். அதிலும் கட்டைவிரல் நகம் அளவுள்ள, பச்சையும் கறுப்புமாகக் களிம்பேறிய, பார்த்தால் சாக்கடையில் கிடைத்த சட்டைப் பொத்தான் போலிருக்கும் வெண்கலம்.

ஆயிரத்து அறுநூறு, எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சக்கரவர்த்தி, ரோமாபுரி இருக்கும்போதே கிழக்கே கான்ஸ்டான்டிநோபிள் என்று புதுத் தலைநகரம் கட்டினார். பழைய நகரம் கோபித்துக்கொள்ளக் கூடாது என்றோ என்னவோ, இரண்டின் பெயரிலும் நினைவுக் காசு வெளியிட்டார்கள். புது நகரத்துக் காசில், கப்பல் முனையில் கால் வைத்து நிற்கும் சிறகு முளைத்த தேவி. பழைய நகரத்துக் காசில் ஓர் ஓநாய். அதன் மடியில் பால் குடிக்கும் இரட்டைக் குழந்தைகள், மேலே இரண்டு நட்சத்திரங்கள். அந்தக் குழந்தைகள்தான் வளர்ந்து ரோமாபுரியைக் கட்டியதாக அவர்கள் ஐதீகம். சாம்ராஜ்யத்தின் பட்டறைகள் எல்லாம் சேர்ந்து இந்தக் காசை மலைமலையாக அடித்துத் தள்ளியிருக்கின்றன. அதனால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. ஒரு பிரியாணியைத் தியாகம் செய்தால் ஒன்று வாங்கலாம்.

எனக்கு அதன் அழகே அந்த ஏராளம்தான். ராஜாக்கள் தொட்ட தங்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் காவலோடு இருக்கிறது. இது கீரை வாங்கியவன், செருப்புத் தைத்தவன், மூட்டை தூக்கியவன் கையில் தேய்ந்த காசு. அச்சு வெட்டியவர்களில் பாதிப்பேர் ஓநாயைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. ஒரு பட்டறையின் ஓநாய் தெருநாய் மாதிரி இருக்கும், இன்னொன்று ஆடு மாதிரி, இன்னொன்று கறவைக்கு நிற்கும் பசு மாதிரி. அடியில் பட்டறையைக் காட்டும் இரண்டு மூன்று எழுத்துகள். பூதக்கண்ணாடியில் அதை வாசித்து, இது இன்ன ஊரில் அடித்தது என்று கண்டுபிடிக்கும்போது எனக்குச் சாப்பாடு மறந்துவிடும். தாத்தாவின் அப்பா பெயர்கூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவன் உள்ளங்கையில் அவ்வளவு பழையது ஒன்று வந்து உட்காருகிறதே என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

இதையெல்லாம் கேட்கவும் ஆட்கள் இருந்தார்கள். ஞாயிறுதோறும் ஒரு வாசகசாலையின் மாடியில் காசு சேர்ப்பவர்கள் கூடுவார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஜேக்கப் சார்தான் அங்கே தலைவர். நான் ஓநாயின் வாலைப் பற்றிப் பேசுவதைப் பொறுமையாகக் கேட்கக்கூடிய ஒரே மனிதர். விஷு முடிந்து வரும் ஞாயிறு நான் பேச வேண்டும் என்றார். "சாமானியரின் காசு" என்று நானே தலைப்பு வைத்தேன். சார் தன்னிடமிருந்த ஓநாய்க் காசுகளில் ஒரு கைப்பிடி அள்ளி ஒரு தகர டப்பாவில் போட்டுத் தந்தார்.

"கொண்டு போயி நோக்கடோ," என்றார். "பேசும்போ எல்லாருக்கும் காண்பிக்கணும்."

அவ்வளவுதான். கையெழுத்து கேட்கவில்லை, பத்திரம் என்றுகூடச் சொல்லவில்லை. படித்த பெரிய மனிதர் ஒருவர் என்னை நம்பி ஒரு பொருளைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தேன். உட்கார்ந்தால் டப்பா நசுங்கிவிடும் என்று பயம். (தகர டப்பா.)

விஷுவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அம்மா, விடியலில் கண்விழித்ததும் முதலில் பார்க்க வேண்டிய கணியை ஒருக்கிக்கொண்டிருந்தாள். உருளியில் அரிசி, அதன்மேல் மஞ்சள் வெள்ளரி, மாம்பழம், கொன்றைப்பூ, பின்னால் சாய்த்து வைத்த கண்ணாடி.

"சில்லறை இருந்தா குடு மக்கா, கணியில வைக்கணும்," என்றாள்.

அந்த இடத்தில் ஒரு சாதாரணப் பையனாக இருந்திருந்தால் சட்டைப்பையில் கைவிட்டிருப்பேன். நானோ வரலாறு படித்தவன். புத்தாண்டில் என் குடும்பம் முதன்முதலாகக் கண்விழிப்பது ரோம சாம்ராஜ்யத்தின் மீதாக இருக்கட்டும் என்று தோன்றிவிட்டது. டப்பாவைத் திறந்து அரிசியின்மேல் கவிழ்த்தேன். ஒரு சிறு உரையும் ஆற்றினேன்.

அம்மா ஒன்றை எடுத்து விளக்கருகே கொண்டுபோனாள். "நாயை எதுக்குல கணியில வைக்க?"

"நாய் இல்லம்மா. ஓநாய்."

"அது இன்னும் மோசம்லா."

அப்பா வந்து குனிந்து பார்த்தார். "பிள்ளையோ பால் குடிக்குதுல்லா. இருக்கட்டும்," என்றார். பிறகு, "கீழ எழுதிருக்கது என்னது? மில்லு பேரா?"

"பட்டறை பேருப்பா."

"அதான். மில்லு."

அதிகாலையில் அம்மா என் கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டுபோய் கணி காட்டினாள். விளக்கொளியில் அரிசிமேல் ஓநாய்கள் தெரிந்தன. மனசு நிறைந்து, திரும்பப் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன். எழுந்தபோது வெயில் வந்துவிட்டது. உருளியில் அரிசி இருந்தது, வெள்ளரி இருந்தது, கண்ணாடி இருந்தது. காசுகள் இல்லை. கண்ணாடியில் என் முகம் மட்டும் இருந்தது.

"அப்பா, காசு எங்க?"

"கைநீட்டம் குடுத்தாச்சுல்லா."

விஷுவன்று வீட்டில் பெரியவர், வருகிறவர்களுக்கெல்லாம் கைநீட்டம் என்று காசு கொடுப்பார். எங்கள் வீட்டில் அதைக் கணி உருளியிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பது வழக்கம். எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து வாங்கியவன் நான். கல்லூரியில் விஷுவைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு வாங்கியவன். அந்தக் கட்டுரையில் இந்த வழக்கத்துக்கு ஒரு தனிப் பத்தியே இருந்தது.

"எல்லாத்தையுமா?"

"இந்த வருசம் நல்ல கூட்டம்டே. மண்டிப் பயலுவ எல்லாம் வந்தானுவ. என் மவன் கொண்டாந்த காசு, ரோமாபுரிக் காசுன்னு சொல்லித்தான் குடுத்தேன். வேலப்பன் கண்ணுல ஒத்திக்கிட்டான்."

அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். என்னைக் குறித்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதை ஒரு நிமிடம் நின்று பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லை.

"அது என்னோடது இல்லப்பா. சாரோடது."

சிரிப்பு போய்விட்டது. "அப்ப கணியில ஏன் வச்ச?"

"போய்த் திருப்பி வாங்கிட்டு வாரேன்," என்றேன்.

அம்மா வாயில் கைவைத்தாள். "கைநீட்டத்தையா?"

"போகாதல," என்றார் அப்பா. "சாருட்ட நான் வந்து சொல்லுதேன். தெரியாம நடந்து போச்சுன்னா அவரு கேக்க மாட்டாரா?"

தோளில் துண்டோடு, அரிசித் தூசி படிந்த கைலியோடு அப்பா ஜேக்கப் சார் முன்னால் போய் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். காசு போனதைவிட அது எனக்குப் பயமாக இருந்தது. இதை எழுதும்போதும் கை கூசுகிறது. ஆனால் அன்று என்னை வாசலுக்கு விரட்டியது அதுதான். மூலைக் கடையில் நோட்டை மாற்றி ஒரு கைப்பிடி பத்து ரூபாய்க் காசு வாங்கிக்கொண்டேன். ஒன்றுக்கு ஒன்று பதிலுக்குக் கொடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது என் கணக்கு.

முதலில் டீக்கடை சுலைமான் இக்கா. விஷயத்தைச் சொன்னதும் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அந்தரத்திலேயே நிறுத்திவிட்டார்.

"எடே, கைநீட்டம் திரிச்சு வாங்க வந்த ஆளை நான் இப்பத்தான் காணுதேன்."

"இல்ல இக்கா, இது ஆராய்ச்சிக்கு…"

"காலையிலே உங்க வாப்பா தந்தாரு, உச்சிக்கு முன்னாடி மோன் வந்து வாங்கிட்டுப் போறான். சாயங்காலம் உம்மா வருவாளோ?" கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்னும் மூன்று பேர், நான் கேட்காமலேயே தங்கள் பையிலிருந்த ஓநாய்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள். யாரும் என் பத்து ரூபாயைத் தொடவில்லை.

இப்படியே சந்து முழுக்கப் போனேன். ஒரு வீட்டில் சாமி படத்தடியில் இருந்து எடுத்தார்கள். இன்னொரு வீட்டில் பாயசம் குடிக்கச் சொன்னார்கள். குடித்தேன். குடித்துவிட்டு வாங்கிக்கொண்டேன்.

கடைசி வீடு வேலப்பன் அண்ணனுடையது. அப்பாவோடு சேர்ந்து மூட்டை இறக்குகிறவர், சந்தில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அண்ணன். வாசலில் உட்கார்ந்து கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புளியும் சாம்பலும்.

"வாடே இசக்கி. உங்கப்பன் தந்த காசு பச்ச புடிச்சுக் கெடந்துது. நல்லாத் தேய்ச்சு வெளுப்பிச்சாச்சு, பாரு."

பார்த்தேன். பதினாறு நூற்றாண்டுக் களிம்பு புளித்தண்ணீரில் போயிருந்தது. புதுப் பித்தளைக் கீல் மாதிரி மின்னியது காசு. ஓநாய்க்கு முகமில்லை. குழந்தைகள் இருந்த இடத்தில் இரண்டு மேடு. களிம்பு என்பது பழைய காசின் உயிர், அதைச் சுரண்டவே கூடாது என்று வேலப்பன் அண்ணனுக்கு நான் வகுப்பு எடுத்தேன். அவர் முடியும்வரை கேட்டார்.

"இதை முந்தியே சொல்லியிருக்கலாம்லா," என்றார். அதுவும் சரிதான்.

அதையும் வாங்கிக்கொண்டு போகத் திரும்பினேன். கணக்குக்கு இன்னும் ஒன்று குறைந்தது. உள்ளே அவருடைய மருமகள் செல்வி மதினி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவர் மகன், ஹோட்டலில் வேலை பார்க்கும் மணி அண்ணனின் மனைவி. கல்யாணமாகி வெகுகாலம் காத்திருந்து, கோயில் கோயிலாகவும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகவும் அலைந்து, அப்போதுதான் ஏழாவது மாதம். சந்தே அந்த வயிற்றைப் பார்த்துப் பார்த்துப் பேசும். அவள் தாலிக்கயிற்றில் ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சு புதிதாகத் தொங்கியது. நான் பார்ப்பதைப் பார்த்து அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பிள்ளை பால் குடிக்கி, தம்பி," என்றாள் சந்தோஷமாக. "வயித்துல உள்ளதுக்கு இதுன்னு உங்க அப்பா தேடி எடுத்துத் தந்தாவ."

இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். கல்லும் நிறுத்தியிருக்கும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேடையில் பேசுவது போல, மரபுச் செல்வம், ஆய்வு, பொறுப்பு என்று மூன்று சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பேசினேன். பேசி முடித்து ஒரு பத்து ரூபாய்க் காசை நீட்டினேன்.

மதினி அதை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல பிள்ளை இல்லியே, தம்பி."

பிறகு குனிந்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். மஞ்சள் ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் கிள்ளினாள், பல்லால் இழுத்தாள். நேரமாயிற்று. "இருக்கட்டும் மதினி" என்று சொல்ல எனக்கு நிறையவே அவகாசம் இருந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சாரமில்ல, பரவாயில்ல," என்று சொல்லிக் காசை என் கையில் வைத்தாள். கூடவே பத்து ரூபாயையும்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "எல்லாம் கிடைச்சுதா?"

"கிடைச்சுட்டுப்பா."

"செல்விட்டயுமா?"

நான் தலையாட்டினேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். விஷுச் சாப்பாட்டுக்குத் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைக்குப் போனேன். காசுகளை ஒரு தட்டில் பரப்பினேன். ஒன்று பளபளவென்றும் ஒன்று மஞ்சளாகவும் இருந்தது. அந்த இரண்டையும் ஓரமாக, மற்றவற்றுக்கு அடியில் தள்ளினேன். பேச எழுந்தபோதுதான் கடைசி வரிசையைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் அப்பா. பக்கத்தில் வேலப்பன் அண்ணன், மணி அண்ணன், கடையை மூடிவிட்டு வந்த சுலைமான் இக்கா. மகன் பேசுகிறான் என்று அப்பா விஷுவுக்கு முன்பே எல்லோரையும் அழைத்திருக்கிறார். நடந்தது நடந்தபிறகும் அழைப்பை அவர் திரும்ப வாங்கவில்லை.

ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்த முதல் வாக்கியம் தானாக வந்து விழுந்தது. "இந்தக் காசின் அழகே, இது சாமானியர் கையில் புழங்கியது என்பதுதான்."

கடைசி வரிசையில் வேலப்பன் அண்ணன் இருமினார். பிறகு அமைதியாக, எல்லோருக்கும் கேட்கும்படி, "எங்க கையிலயும் உச்சி வரை இருந்துது, சாரே," என்றார்.

இரண்டாவது வாக்கியம் எனக்கு மறந்துபோயிற்று. இன்றுவரை நினைவுக்கு வரவில்லை. ஜேக்கப் சார் திரும்பிப் பார்த்து என்ன என்று விசாரித்தார். வேலப்பன் அண்ணன் மலையாளத்தில் விஸ்தாரமாகச் சொன்னார். சுலைமான் இக்கா விட்ட இடங்களை நிரப்பினார். நான் கையில் சாக்பீஸோடு நின்றேன். கூட்டம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தது. என் வாழ்நாளில் நான் ஆற்றிய உரைகளில் அவ்வளவு வரவேற்பு பெற்றது வேறில்லை.

சார் சிரிக்கவில்லை. எழுந்து வந்து தட்டைக் கிளறி அந்த மஞ்சள் காசை எடுத்தார். "இதென்ன மஞ்சள்?"

"என் பெண்டாட்டி கெட்டி வச்சிருந்தா சாரே, வயித்துப் பிள்ளைக்கு," என்றான் மணி அண்ணன்.

சார் காசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எடோ, இது கிட்டாத காசொண்ணும் இல்ல. என் வீட்டுல இன்னும் ஒரு பிஸ்கட் டின் நிறைய கிடக்கு. ஒரு போன் செய்தா போதுமாயிருந்தது," என்றார். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் அப்பாவின் முன்னால் நீட்டினார். "சேட்டா, அன்னைக்குக் கொடுத்தவங்களுக்கு நீங்களே திரும்பக் கொடுங்க."

அப்பா எழுந்து நின்றார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பளபளத்த காசு வேலப்பன் அண்ணனுக்கு. வாங்கியதும் அவர் கையை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார், கண்ணை என்மேல் வைத்தபடி. சுலைமான் இக்காவும் அப்படியே செய்தார். கையை ஒளிப்பது அன்று தொடங்கியது.

மஞ்சள் காசை மட்டும் அப்பா என் கையில் வைத்தார். "இதை நீ கொண்டு குடு."

அன்றே போனேன். மதினி சிரித்தாள், ஆனால் வாங்கவில்லை. "ஒருதடவை குடுத்து வாங்கினதை மறுபடி தாலியில கெட்டக் கூடாதுன்னு அம்ம சொல்லிட்டா, தம்பி. கோவம் ஒண்ணும் இல்ல கேட்டியா." கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஆடியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மணி அண்ணன் வார்டு முழுக்கக் கேட்கும்படி என்னை அறிமுகப்படுத்தினான். "இவன்தான் ஆளு. கைநீட்டத்துல ரெண்டு பிள்ளை வந்துது. இவன் வந்து திருப்பிக் கேட்டான். ஒண்ணையாவது விட்டுட்டுப் போனானே." (ஸ்கேனில் ஒன்றுதான் என்று மாசியிலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் இந்தக் கதைக்கு முன்னால் ஸ்கேன் நிற்குமா?) இப்போது சந்தில் யாருக்காவது எது குறைந்தாலும், தேங்காய் ஒன்று, சோறு ஒரு கரண்டி, லாட்டரியில் ஒரு நம்பர், "இசக்கி வந்துட்டுப் போனானா?" என்றுதான் கேட்கிறார்கள். அப்பாவும் ஒவ்வொரு வருஷமும் கணி ஒருக்கும்போது உருளியை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏல, இந்த வருசம் இது யாரோடது?" என்பார்.

அடுத்த விஷுவுக்கு மதினி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். தாலியில்தானே கட்டக் கூடாது, கையில் வாங்கலாம் என்று அவள் அம்மாவிடம் கேட்டு வைத்திருந்தாளாம். அந்த ஓநாயைக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தேன். மஞ்சள் அப்போதும் எழுத்துகளின் இடுக்கில் இருந்தது. எந்தப் பட்டறை என்று நான் பார்த்து வைத்திருக்கவில்லை. இனிப் பார்க்கவும் முடியாது.

அந்தக் குழந்தைக்கு இப்போது ஐந்து வயது. விஷுவன்று முதல் ஆளாக வந்து, அப்பாவிடம் போகாமல் என்னிடம்தான் கையை நீட்டுவாள். நான் சாதாரணப் பத்து ரூபாய்க் காசுதான் கொடுக்கிறேன். வாங்கியதும் கையை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வாள். ஆனால் மற்றவர்களைப் போலத் திரும்பி நடக்க மாட்டாள். திரும்பினால் கை என் பக்கம் வந்துவிடுமே. படியைக் காலால் தடவி இறங்கி, என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், சந்து முழுக்கப் பின்பக்கமாகவே நடந்து வீட்டுக்குப் போவாள்.